பேஸ்பால் பந்தயத்துக்கு மூன்று புள்ளிவிவரத் தளங்கள்: எது கைகொடுக்கும், எது காலை வாரும்

2018-ல் நியூயார்க் மெட்ஸ் அணிக்காக ஜேக்கப் டிக்ராம் வீசியதுபோல ஒரு பருவம் எந்த பிட்ச்சருக்கும் (பந்து வீசுபவருக்கும்) அபூர்வமாகத்தான் வாய்க்கும். ஃபீல்டிங் பிழையால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்ட ரன் சராசரி, அதாவது இஆர்ஏ, 1.70. நேஷனல் லீகின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது அவருக்கே போனது. ஆனால் அவர் தொடங்கிவைத்த 32 ஆட்டங்களில் மெட்ஸ் ஜெயித்தவை 14, தோற்றவை 18. "இன்றைக்கு டிக்ராம் வீசுகிறார், கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம்" என்று பருவம் முழுக்க மெட்ஸ் மேல் பணம் வைத்தவர்கள் நன்றாகவே கையைச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். 2025-ல் பிட்ஸ்பர்க் பைரட்ஸின் பால் ஸ்கீன்ஸும் இதே வழியில் போனார்: இஆர்ஏ 1.97, சை யங் விருது, வெற்றி தோல்விக் கணக்கு மட்டும் 10–10.

தொடக்க பிட்ச்சர்களை ஒப்பிடுவது, பிறகு இரண்டு அணிகளின் பேட்டிங்கை ஒப்பிடுவது, எது மேல் என்று பார்த்துக் கட்டுவது. மேஜர் லீக் (அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால்) பந்தயத்தில் இதுதான் எல்லோரும் முதலில் கற்கும் முறை. முறையில் தப்பில்லை. எந்த எண்ணை எடுக்கிறோம், அதை எவ்வளவு தூரம் நம்புகிறோம், கடைசியில் விலையோடு பொருத்திப் பார்க்கிறோமா என்பதில்தான் கோளாறு வருகிறது. இந்த வேலைக்குப் பெரும்பாலோர் திறந்துவைத்திருக்கும் தளங்கள் மூன்று: ஃபேன்கிராஃப்ஸ், பேஸ்பால் சாவன்ட், பேஸ்பால் ரெஃபரன்ஸ். இந்த விமர்சனம் அவற்றை ஒரே அளவுகோலில் நிறுத்துகிறது. இன்றிரவு ஆட்டத்துக்கு ஒரு வெற்றிச் சதவீதம் கணக்கிட அவை எவ்வளவு உதவுகின்றன? கட்டுரைகள், வரைபடங்கள், வரலாற்றுப் பக்கங்கள் எல்லாம் இங்கே கணக்கில் வராது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒன்றே ஒன்றுதான் வேண்டும் என்றால் ஃபேன்கிராஃப்ஸ். பிட்ச்சரின் இன்றைய உடல்நிலையைத் தெரிந்துகொள்ள சாவன்ட். ரெஃபரன்ஸ் சரிபார்ப்பதற்கு. மூன்றிலும் இந்த வேலைக்குத் தேவையான பக்கங்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. "இன்றைய உறுதியான பிக்" (தேர்வு) என்று விற்பவர்களுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைக் கரைத்துக் குடித்துவிடுவது நல்லது.

முதலில் விலை

எந்தத் தளத்தைத் திறப்பதற்கும் முன்னால் மணிலைனை, அதாவது எந்த அணி ஜெயிக்கும் என்ற பந்தயத்தின் விலையை, சதவீதமாக மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். −150 என்றால் 150 டாலர் வைத்தால் 100 டாலர் லாபம். அந்த விலைக்கு நட்டமில்லாமல் இருக்க 250-க்கு 150, அதாவது 60 சதவீத ஆட்டங்களில் ஜெயிக்க வேண்டும். மறுபக்கம் +130 என்றால் 100 வைத்தால் 130 லாபம். 230-க்கு 100, அதாவது 43.5 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 103.5 வருகிறது. மேலே நிற்கும் 3.5 பந்தய நிறுவனத்தின் கமிஷன். அதை நீக்க 60-ஐ 103.5-ஆல் வகுத்தால் 58. அந்த ஆட்டத்தில் ஃபேவரிட் (ஜெயிக்கும் என்று எதிர்பார்க்கப்படும் அணி) ஜெயிக்க 58 சதவீத வாய்ப்பு என்று சந்தை நினைக்கிறது என்பது பொருள்.

ஃபேவரிட்டின் விலை ஏற ஏற இது எவ்வளவு கொடூரமாக மாறும் என்பதற்கு ஒரு கணக்கு. 2024-ல் சிகாகோ வைட் சாக்ஸ் 41–121 என்று முடித்தது. நவீன காலத்தில் ஒரு பருவத்தில் இவ்வளவு ஆட்டங்களில் வேறெந்த அணியும் தோற்றதில்லை. சதவீதமாகப் பார்த்தால் அவர்கள் தோற்றது 74.7. −300 விலைக்குக் கட்டியவர் நட்டமில்லாமல் இருக்கத் தேவைப்படுவது 75. அதாவது, அப்படிப்பட்ட அணிக்கு எதிராகவே பருவம் முழுக்க −300 கொடுத்துக் கட்டியிருந்தாலும் கைப்பணம் கொஞ்சம் கரைந்திருக்கும். பேஸ்பாலில் மோசமான அணியும் நாலு ஆட்டத்துக்கு ஒன்று ஜெயித்துவிடும். கூடைப்பந்தையோ அமெரிக்கக் கால்பந்தையோ பார்த்துப் பழகியவர்கள் இதை நம்பச் சிரமப்படுவார்கள்.

ஃபேன்கிராஃப்ஸ்

டேவிட் அப்பெல்மன் 2005-ல் தொடங்கிய தளம். பந்தயக் கணக்குக்குத் தேவையானதில் முக்கால் பங்கு இங்கேயே கிடைத்துவிடும்.

பிட்ச்சரை எடைபோட இஆர்ஏவை விட்டுவிட்டு எஃப்ஐபியிலிருந்து தொடங்குங்கள். ஃபீல்டர்களின் கையில் இல்லாத மூன்றை மட்டும் அது எண்ணும்: ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி), வாக் (நாலு தவறான பந்துக்காக பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) மற்றும் பந்து உடம்பில் பட்டுப் போனவை, ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்). ஹோம் ரன் எண்ணிக்கையை 13-ஆல் பெருக்கி, வாக்கையும் உடம்பில் பட்டதையும் கூட்டி 3-ஆல் பெருக்கிச் சேர்த்து, ஸ்ட்ரைக்அவுட்டை 2-ஆல் பெருக்கிக் கழித்து, இன்னிங்ஸால் வகுத்து, லீக் இஆர்ஏவுக்குப் பொருத்தும் ஒரு மாறிலியைக் கூட்ட வேண்டும். அந்த மாறிலி ஆண்டுக்காண்டு 3.10-ஐ ஒட்டி இருக்கும். 60 இன்னிங்ஸில் 6 ஹோம் ரன், 18 வாக், உடம்பில் பட்டது 2, ஸ்ட்ரைக்அவுட் 66 என்று வைத்துக்கொள்வோம். 78-ஐயும் 60-ஐயும் கூட்டி 132-ஐக் கழித்தால் 6. அதை 60-ஆல் வகுத்தால் 0.10, எஃப்ஐபி 3.20. இதே பிட்ச்சரின் இஆர்ஏ 4.40 என்று இருந்தால், சந்தை அவரைக் கொஞ்சம் மலிவாகப் பேசிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

ஹோம் ரன்னில் அதிர்ஷ்டம் நிறையக் கலக்கும். மேலே எழும்பும் பந்துகளில் எத்தனை வேலியைத் தாண்டுகின்றன என்ற விகிதம் ஒரே பிட்ச்சருக்கே ஆண்டுக்காண்டு ஆடும். அதனால் எக்ஸ்எஃப்ஐபி அந்த இடத்தில் லீக் சராசரியை வைக்கிறது. சியரா என்ற எண் இன்னும் ஒரு படி மேலே போய், தரையோடு உருளும் பந்துகளை எவ்வளவு வர வைக்கிறார் என்பதையும் சேர்க்கும். மூன்றும் ஒரே திசையில் இஆர்ஏவிலிருந்து விலகி நின்றால்தான் அந்த விலகலுக்கு மதிப்பு. எஃப்ஐபி மட்டும் தாழ்ந்து எக்ஸ்எஃப்ஐபி உயர்ந்திருந்தால், இதுவரை வேலிக்கு முன்னால் பந்துகள் பிடிபட்டுக்கொண்டிருந்தன என்று அர்த்தம். அது அடுத்த மாதமும் நடக்கும் என்று பணம் வைக்கக் கூடாது.

ஒரே எண்ணைப் பார்க்கத்தான் நேரமிருக்கிறது என்றால், ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலிருந்து வாக் சதவீதத்தைக் கழித்த எண்ணைப் பாருங்கள். லீக் சராசரி 14-ஐ ஒட்டி. 20-க்கு மேல் போனால் உயர்தரம். 10-க்குக் கீழே இருந்தால் அந்த பிட்ச்சர் தன் ஃபீல்டர்களை நம்பிப் பிழைக்கிறார். இந்த எண்ணின் இன்னொரு பலம், சீக்கிரம் நிலைப்படுவது. ஸ்ட்ரைக்அவுட் விகிதம் சுமார் 70 பேட்டர்களைச் சந்தித்ததும் ஓரளவு உண்மை பேசத் தொடங்கும்; வாக் விகிதத்துக்கு ஏறத்தாழ 170 பேர் வேண்டும். இஆர்ஏவுக்கு ஒரு பருவம்கூடப் போதாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லுபடியாகாது. ஏப்ரல் மாதத்தில் 1.50 இஆர்ஏவைப் பார்த்துக் கட்டுபவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஏப்ரல் சிக்கலுக்கு இந்தத் தளமே ஒரு மருந்தும் வைத்திருக்கிறது. ஸ்டீமர், ஸிப்ஸ் முதலிய முன்கணிப்புகள் பல ஆண்டுத் தரவு, வயது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பிட்ச்சர் இனி எப்படி வீசுவார் என்று சொல்கின்றன. பருவத்தின் முதல் இரண்டு மாதம் முன்கணிப்பையே அடிப்படையாக வைத்து, இந்த ஆண்டு எண்ணை ஓரத்தில் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

பேட்டிங்குக்கு இங்கே கிடைக்கும் டபிள்யூஆர்சி பிளஸ் மிக வசதியான எண். லீக் சராசரி 100. மைதானத்தின் தன்மையும் கழிக்கப்பட்டிருக்கும். 108 என்றால் சராசரியைவிட 8 சதவீதம் அதிக ரன் எடுக்கும் பேட்டிங். அணிகளின் பட்டியலைத் திறந்து, இடக்கை பிட்ச்சருக்கு எதிராக, வலக்கை பிட்ச்சருக்கு எதிராக என்று பிரித்துப் பார்க்கலாம். இன்றைய எதிரணி பிட்ச்சர் எந்தக் கையோ அந்தப் பட்டியலை எடுங்கள். மொத்தத்தில் 103 இருக்கும் அணி இடக்கைக்கு எதிரே 90-க்கு இறங்குவது சாதாரணம்.

இந்தத் தளத்தில் சறுக்கும் இடமும் இதே பட்டியல்தான். அணியின் எண் என்பது பருவம் தொடங்கியதிலிருந்து அந்தச் சட்டையைப் போட்ட எல்லோருடைய கூட்டுத்தொகை. ஜூலைக் கடைசியின் வர்த்தகத்தில் வேறு அணிக்குப் போனவரும், மே மாதத்திலிருந்து காயத்தில் கிடப்பவரும் அதற்குள் உட்கார்ந்திருப்பார்கள். மேலும் இடக்கை பிட்ச்சர்கள் குறைவு என்பதால் ஜூன் வரை அந்தப் பக்கத்து எண்ணிக்கை மெலிந்தே இருக்கும். சரியான வழி, இன்றைய ஒன்பது பேரின் வரிசை வெளியான பிறகு ஒவ்வொருவரின் முன்கணிப்பு எண்ணையும் எடுத்துச் சராசரி போடுவது. பத்து நிமிட வேலை. அதைச் செய்யாதவர்களுக்கு முன்னால் நீங்கள் நிற்பது அந்தப் பத்து நிமிடத்தால்தான்.

ரோஸ்டர் ரிசோர்ஸ் என்ற பகுதியையும் விட்டுவிடாதீர்கள். அடுத்து யார் தொடங்குகிறார், யார் காயப்பட்டியலில், புல்பென்னில் (தொடக்க பிட்ச்சருக்குப் பின் வீச வரும் ரிலீவர்கள்) யார் கடந்த சில நாட்களில் எத்தனை பந்து வீசினார் என்பதெல்லாம் அங்கே இருக்கின்றன. மூன்று தளங்களில் புல்பென்னின் களைப்பை இவ்வளவு சுலபமாகக் காட்டுவது இது ஒன்றுதான்.

பேஸ்பால் சாவன்ட்

இது மேஜர் லீகின் சொந்தத் தளம். 2015-லிருந்து எல்லா மைதானங்களிலும் இயங்கும் ஸ்டாட்காஸ்ட் கருவிகளின் தரவு இங்கேதான் கொட்டுகிறது. 2020-ல் அந்தக் கருவிகள் ஹாக்-ஐ கேமராக்களுக்கு மாறின. ஒவ்வொரு பந்தின் வேகம், சுழற்சி, அடிபட்ட பந்தின் வேகம், கோணம் எல்லாம் உண்டு.

பந்தயம் கட்டுபவருக்கு இங்கே மிக முக்கியமானது பிட்ச்சரின் வேகம். அவருடைய பக்கத்தில் போன மாதத்து ஃபாஸ்ட்பால் சராசரியையும் கடைசி இரண்டு ஆட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மணிக்கு ஒன்றரை மைல் முதல் இரண்டு மைல் வரை குறைந்திருந்தால், இஆர்ஏ எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஆட்டத்தை விட்டுவிடுங்கள். தோள்பட்டையோ முழங்கையோ பேசத் தொடங்கிவிட்டது என்பதற்கு முதல் அடையாளம் பெரும்பாலும் இதுதான். ரன்கள் பிறகுதான் வரும். பேட்டர் வீசியும் பந்தைத் தவறவிடும் சதவீதமும் அதோடு சேர்ந்து இறங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

எக்ஸ்இஆர்ஏ என்ற எண்ணும் இங்கே உண்டு. அடிபட்ட பந்துகள் எவ்வளவு பலமாக, எந்தக் கோணத்தில் போயின என்பதை வைத்து எவ்வளவு ரன் வந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுவது. எஃப்ஐபி பார்க்காத ஒரு பக்கத்தை இது பார்க்கிறது: பலமாக அடிபடுகிறாரா, மெதுவாகத் தட்டிவிட வைக்கிறாரா. ஆனால் இது நடந்ததை விவரிக்கும் எண். நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்வதில் எக்ஸ்எஃப்ஐபி, சியரா ஆகியவற்றைவிட இது மேல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்றவர்களோடு ஒப்பிட்டு அவர் இடத்தைக் காட்டும், சிவப்பும் நீலமுமாக வரும் சதமான வட்டங்களும் அப்படியே. கண்ணுக்கு நன்றாக இருக்கும். அடிப்படையில் எத்தனை பேட்டர்கள் என்று பார்க்காமல் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்.

இந்தத் தளம் காலை வாரும் இடம், எதிர்பார்க்கப்படும் தொடக்க பிட்ச்சர்கள் பக்கம். இன்றைய பிட்ச்சருக்கு எதிராக எதிரணி பேட்டர்கள் இதுவரை எப்படி ஆடியிருக்கிறார்கள் என்று அது அடுக்கிக் காட்டும். 14 முறை சந்தித்து 6 ஹிட், இரண்டு ஹோம் ரன் என்று ஒரு வரியைப் பார்த்ததும் மனம் துள்ளும். பதினாலு முறை என்பது ஒரு வாரத்து ஆட்டம்கூட நிரம்பாத அளவு. அதுவும் நாலு வருடத்தில் சிதறிக் கிடப்பது. அதற்குள் பிட்ச்சர் புதிதாக ஒரு ஸ்வீப்பர் (பக்கவாட்டில் வளையும் பந்து) கற்றிருப்பார், பேட்டர் நின்று ஆடும் விதத்தை மாற்றியிருப்பார். அந்தப் பக்கத்தைத் திறக்காமலே இருப்பது பர்சுக்கு நல்லது.

மைதானக் காரணிகளுக்கு சாவன்டின் பட்டியல்தான் சிறந்தது. இடக்கை, வலக்கை பேட்டர்களுக்குத் தனித்தனியாகப் பார்க்கலாம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், காற்று மெலிந்த டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் ஒரு முனை. சியாட்டிலின் டி-மொபைல் பார்க் மறுமுனை. ஒரு எச்சரிக்கை: பட்டியல் வழக்கமாக மூன்று ஆண்டுகளைச் சேர்த்துக் காட்டும். பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸில் இடப்பக்க வேலி 2022-ல் பின்னுக்குப் போனது, 2025-ல் மறுபடி முன்னுக்கு வந்தது. அத்லெடிக்ஸ் அணி 2025-ல் சாக்ரமென்டோவில் மைனர் லீக் மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. இப்படி மாறிய இடங்களில் பழைய ஆண்டுகள் கலந்த எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. சிகாகோவின் ரிக்லி ஃபீல்டுக்கு எந்தப் பட்டியலும் போதாது. ஏரிப் பக்கமிருந்து காற்று உள்ளே வீசுகிறதா, வெளியே தள்ளுகிறதா என்பதைப் பொறுத்து இரண்டு அணியும் சேர்ந்து எடுக்கும் டோட்டல் ரன்னுக்குப் பந்தய நிறுவனம் வைக்கும் கோடே இரண்டு மூன்று ரன் தள்ளிப் போடப்படும்.

பேஸ்பால் ரெஃபரன்ஸ்

பழைய நண்பன். இரண்டே வேலைக்கு. ஆட்டவாரிப் பதிவில் பிட்ச்சர் எத்தனை நாள் ஓய்வுக்குப் பிறகு வீசினார், எத்தனை பந்து வீசினார், எந்த இன்னிங்ஸில் வெளியேறினார் என்று வரிசையாக இருக்கும். சராசரியாக எத்தனை இன்னிங்ஸ் தாங்குவார் என்பதை அங்கிருந்தே எடுக்கலாம். இரண்டாவது, பிரிவுகள் பக்கத்தில் பேட்டர் வரிசையை முதல் முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை சந்திக்கும்போது அவருக்கு என்ன ஆகிறது என்ற கணக்கு. மூன்றாம் சுற்றில் கிட்டத்தட்ட எல்லோரும் இறங்குவார்கள். இரண்டே விதப் பந்து வைத்திருப்பவர்கள் செங்குத்தாக இறங்குவார்கள்.

ஆழமான தேடலுக்கு ஸ்டாட்ஹெட் என்ற சந்தாப் பகுதி வேண்டும். இன்றிரவு பந்தயத்துக்கு அது தேவையில்லை. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: ஒரு வீரர் அணிக்குக் கூடுதலாகத் தரும் வெற்றிகளை அளப்பது வார்; இந்தத் தளத்தின் வார் மதிப்பு பிட்ச்சர் உண்மையில் விட்ட ரன்னிலிருந்து வருகிறது, ஃபேன்கிராஃப்ஸின் வார் எஃப்ஐபியிலிருந்து. ஒரே பிட்ச்சருக்கு இரண்டு தளமும் இரண்டு மதிப்புக் காட்டினால் யாரும் தப்புச் செய்யவில்லை, கேள்வியே வேறு.

ஐந்து இன்னிங்ஸுக்குப் பிறகு

மூன்று தளமும் தொடக்க பிட்ச்சரைப் பற்றி மலை மலையாகச் சொல்கின்றன. ஆனால் இன்றைய மேஜர் லீகில் ஒரு தொடக்க பிட்ச்சர் சராசரியாக ஐந்து இன்னிங்ஸுக்குச் சற்றுக் கூடத்தான் நிற்கிறார். மீதி நாலு இன்னிங்ஸைப் பார்க்காமல் முழு ஆட்டத்துக்கும் கட்டுவது பாதிக் கிணறு தாண்டுவது மாதிரி. தோற்றுப்போன "நல்ல பிக்"குகளில் பெரும்பகுதி ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸில்தான் போயிருக்கும். நேற்றும் முந்தாநாளும் தொடர்ந்து வீசிய குளோசர் (ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை முடித்துவைக்கும் ரிலீவர்) இன்று பெரும்பாலும் வரமாட்டார். அவருடைய இடத்தில் அணியின் நாலாவது ரிலீவர் நிற்பார்.

இதைத் தவிர்க்க முதல் ஐந்து இன்னிங்ஸுக்கு மட்டும் கட்டும் பந்தயம் உண்டு. தொடக்க பிட்ச்சரைப் பற்றித்தான் உங்களுக்குத் தெளிவு இருக்கிறது என்றால் அதுவே பொருத்தம். ஆனால் அங்கே கமிஷன் பெரும்பாலும் கூடுதல். சமநிலையில் முடிந்தால் பணம் திரும்புமா, சமநிலையும் தனித் தேர்வா என்பதைச் சீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் விலை ஒன்றாக இருக்காது.

2018 மே மாதத்தில் டாம்பா பே ரேஸ் அணி தொடங்கிவைத்த ஓப்பனர் வழக்கத்தையும் கவனியுங்கள். ரிலீவர் ஒருவர் முதல் இன்னிங்ஸை மட்டும் வீசிவிட்டுப் போவார். உண்மையான நீண்ட வேலை அடுத்து வருபவருடையது. தளத்தில் தொடக்க பிட்ச்சர் என்று போட்டிருப்பவரின் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் முழுக்க வேறு ஆட்டத்துக்குக் கணக்குப் போட்டதாகிவிடும்.

ஒரு ஆட்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம்

வெளியூர் அணி அ. அதன் இடக்கை தொடக்க பிட்ச்சருக்கு எதிர்பார்க்கும் மதிப்பு ஒன்பது இன்னிங்ஸுக்கு 3.40 ரன், ஐந்தரை இன்னிங்ஸ் தாங்குவார். புல்பென் 4.00. சொந்த மைதானத்தில் ஆடும் அணி ஆ. அதன் வலக்கை தொடக்க பிட்ச்சர் 4.50, ஐந்து இன்னிங்ஸ். புல்பென் 4.20. பேட்டிங்கில் அ, வலக்கைக்கு எதிராக 105, மொத்தத்தில் 102. ஆ, இடக்கைக்கு எதிராக 92, மொத்தத்தில் 97. மைதானம் நடுநிலை.

ஆ எடுக்கக்கூடிய ரன்: தொடக்க பிட்ச்சர் பகுதிக்கு 3.40-ஐ 5.5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் 2.08, அதை 0.92-ஆல் பெருக்கினால் 1.91. புல்பென் பகுதி மூன்றரை இன்னிங்ஸ்: 1.56, அதை 0.97-ஆல் பெருக்கினால் 1.51. கூட்டினால் 3.42. அ எடுக்கக்கூடியது: தொடக்க பிட்ச்சரிடம் 2.50-ஐ 1.05-ஆல் பெருக்கி 2.63, புல்பென்னிடம் நாலு இன்னிங்ஸில் 1.87-ஐ 1.02-ஆல் பெருக்கி 1.90. கூட்டினால் 4.53.

இரண்டையும் வெற்றிச் சதவீதமாக்க பித்தகோரஸ் சூத்திரம்: ரன்களின் விகிதத்தை 1.83 அடுக்குக்கு உயர்த்துங்கள். 4.53-ஐ 3.42-ஆல் வகுத்தால் 1.325, அடுக்கை ஏற்றினால் 1.67, அதை 2.67-ஆல் வகுத்தால் 62.6 சதவீதம். சொந்த மைதான அணிகள் நீண்ட கால அளவில் 53, 54 சதவீதம் ஜெயிக்கின்றன. அ வெளியூர் என்பதால் மூன்றரை கழித்தால் 59.

இப்போது விலை. அ மேல் −150 என்றால் தேவை 60. பிட்ச்சர் மேல், பேட்டிங் மேல், புல்பென்னும் ஒரு படி மேல். ஆனாலும் கட்டக் கூடாது. 150 டாலருக்கு இரண்டரை டாலர் நட்டம் என்பதே எதிர்பார்ப்பு. அதே ஆட்டம் −130-க்குக் கிடைத்தால் தேவை 56.5 மட்டும், 130 டாலருக்குச் சராசரியாக 5.70 டாலர் லாபம். பந்தயமாவதும் ஆகாததும் இந்த இருபது புள்ளியில்தான் இருக்கிறது. மூன்று தளங்களில் எதுவும் இதை உங்களுக்காகச் செய்யாது.

டோட்டலுக்கு இதே எண்களைக் கூட்டலாம்; ஆனால் இஆர்ஏ அளவுகோலில் ஃபீல்டிங் பிழையால் வரும் ரன்கள் சேர்வதில்லை. எட்டு சதவீதம் ஏற்றினால் 7.95 என்பது 8.6 ஆகும். இதை மறந்துவிட்டு, ரன் கோட்டுக்குக் கீழேதான் வரும் என்று கட்டும் "அண்டர்" பக்கமே திரும்பத் திரும்பச் சாய்பவர்கள் நிறைய. கூடுதல் இன்னிங்ஸில் இரண்டாவது பேஸில் ஓட்டக்காரர் ஒருவரோடு தொடங்கும் விதி 2023 முதல் நிரந்தரம் என்பதால், சமநிலையில் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போகும் ஆட்டமும் ரன் பக்கமே தள்ளும்.

எவ்வளவு வைப்பது? கையிருப்பில் எவ்வளவு பங்கு வைக்கலாம் என்று கணக்கிடும் கெல்லி சூத்திரம், மேலே சொன்ன −130-க்குக் கையிருப்பில் 5.7 சதவீதம் என்று சொல்லும். அந்த 59 என்ற எண்ணே ஊகம் என்பதால் அதில் கால்பங்கு, ஒன்றரை சதவீதத்துக்கு உள்ளேயே நிறுத்துங்கள். 61 என்று நீங்கள் நினைத்த ஆட்டத்தின் உண்மை 57-ஆக இருந்திருக்கலாம்.

கட்டுவதற்கு முன்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2018 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு மாநிலங்கள் தாமே முடிவு செய்கின்றன. பல மாநிலங்கள் அனுமதித்திருக்கின்றன. கலிஃபோர்னியாவும் டெக்சாஸும் விளையாட்டுப் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கவில்லை. அனுமதித்த பெரும்பாலான இடங்களில் வயது 21. வேறு நாட்டிலிருந்து படிப்பவர்கள் தங்கள் நாட்டுச் சட்டம் தடுக்கிறது என்றால் இந்தக் கணக்கைத் தாளில் போட்டு ஆட்டத்தைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேஸ்பாலைப் புரிந்துகொள்ள அதுவே போதும். வாடகைக்கோ கடனுக்கோ ஒதுக்கிய பணத்தை எந்தச் சதவீதமும் நியாயப்படுத்தாது. போன பணத்தைத் திருப்பி எடுக்கத் தொகையை ஏற்றுகிறோம் என்று தெரிந்தால், கணக்கை மூடி உதவி கேட்க வேண்டிய நேரம் அது.

வேலையை இரண்டு தவணையாகப் பிரித்துக்கொள்வது நல்லது. காலையில் பிட்ச்சர், புல்பென், மைதானம் பார்த்து ஒரு சதவீதம் எழுதிவையுங்கள். பேட்டிங் வரிசை பெரும்பாலும் ஆட்டத்துக்கு இரண்டு முதல் நாலு மணி நேரம் முன்னால் வரும், அப்போது திருத்துங்கள். கட்டிய விலையையும் ஆட்டம் தொடங்கும்போது இருந்த கடைசி விலையையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். −130-க்கு எடுத்தது −142-ல் மூடுகிறது என்பது தொடர்ந்து நடந்தால் உங்கள் கணக்கில் விஷயம் இருக்கிறது. இருநூறு பந்தயத்துக்குப் பிறகும் விலை எதிர்ப்பக்கமே நகர்கிறது என்றால் வெற்றிகள் வந்திருந்தாலும் அவை அதிர்ஷ்டம்.

கடைசியாகச் சீட்டில் ஒரு வரி. பிட்ச்சர் பெயரோடு கட்டியதா, யார் வீசினாலும் செல்லும் வகையா? முதல் வகையில், குறிப்பிட்ட பிட்ச்சர் கடைசி நிமிடம் மாறினால் பந்தயம் ரத்தாகி பணம் திரும்பும். இரண்டாவதில், 3.40 பிட்ச்சருக்காகக் கட்டிய சீட்டு மைனர் லீகிலிருந்து அன்று மதியம் அழைக்கப்பட்டவர் வீசும்போதும் உயிரோடு இருக்கும். விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தேர்வுப் பெட்டி இருந்தால் பெயரோடு கட்டுவதையே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் பிட்ச்சர் வார்ம்-அப் செய்ய மைதானத்துக்குள் வந்த பிறகு கட்டுங்கள்.